எல்லாம் ஒரே பொட்டலத்தில்

கட்டில், மேஜை, அலமாரி எல்லாவற்றையும் பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கிற தொழிற்சாலை அது. வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் வைத்துத் தாங்களே பொருத்திக்கொள்ள வேண்டும். அங்கே பொட்டலப் பிரிவுக்கு அவன்தான் பொறுப்பு. பலகையை அடுக்குவது வேறு ஆட்களின் வேலை. அவனுடைய ராஜ்ஜியம், பெட்டிக்குள் கடைசியாகப் போகிற சின்ன பிளாஸ்டிக் பை. திருகாணி, மரக்குச்சி, மூலைத் தகடு, திருகாணியை முடுக்குகிற வளைந்த சாவி எல்லாம் அந்த ஒரு பைக்குள் இருக்க வேண்டும். ஒரு திருகாணி குறைந்தால் கட்டில் நிற்காது, கட்டில் நிற்காவிட்டால் வாங்கினவன் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும், சண்டை நடுவில் நம்மைத் திட்டுவார்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன் கை பட்ட பையில் ஏதாவது குறைந்தது என்று இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. அதனாலேயே அங்கே அவன் பெயர் 'பொட்டலம்' என்று ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் முறைப்பான், ஆனால் உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துவிடும்.

அவன் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். சொல்வதென்னவோ வெறும் வண்டி எண்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டே நின்று இவன் தன் வண்டியைத் தவறவிட்டான், அடுத்த வண்டியையும் விட்டான். கடைசியில் கண்ணாடி அறையின் கதவைத் தட்டி, போக வேண்டிய ஊர்ப் பெயரே மறந்துபோனவன்போல் விழித்துக்கொண்டு நின்றான். மூஞ்சியைப் பார்க்காமல் தொண்டையைப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஒரே மாப்பிள்ளை என்று அவளுடைய அக்கா கல்யாணத்தன்றே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அந்தத் தொண்டையிலேயே கட்டி வந்தது. தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். நல்லவேளையாக அது பயப்பட வேண்டிய கட்டி இல்லை. சுரப்பி செய்துவந்த வேலையை இனிமேல் மாத்திரைதான் செய்யும், ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது, வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று அறுவை செய்த மருத்துவர் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டதால் கால்சியம் மாத்திரை ஒன்று, ரத்தம் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை ஒன்று என்று மேலும் இரண்டு எழுதிக்கொடுத்தார். இவற்றைப் பற்றியும் அவர் ஏதோ சொன்னார். அவர் அவசரத்தில் சொன்னாரோ, இவன் பயத்தில் கேட்டானோ, 'வெறும் வயிறு', 'ஒரு நாளும் விடக்கூடாது' என்ற இரண்டு மட்டும் மண்டையில் ஏறின. மீதியெல்லாம் வாசலோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். தொழிற்சாலையிலிருந்து சின்னப் பைகளைக் கேட்டு வாங்கி வந்தான். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஒரு பைக்கு மூன்று என்று போட்டு ஓரத்தை ஒட்டினான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விவரத் தாள்களைக் குப்பையில் போட்டான். பைக்குள் தாள் கிடப்பது பொட்டலம் கட்டுகிறவனுக்கு ஆகாது. காலையில் அவள் கண் விழித்ததும் ஒரு பையும் ஒரு தம்ளர் தண்ணீருமாகப் போய் நிற்பான். விழுங்கி முடித்தபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வான். அவளும் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, தரம் பார்த்தாச்சா என்று கேட்டுச் சிரிப்பாள். அவளைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டான். இதை அவனுக்காக நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு யாரும் இதை மறந்துவிடக் கூடாது.

சில மாதங்களில் அவளுக்குக் குளிர ஆரம்பித்தது. எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கையில் அவள் மட்டும் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியது, வாரினால் முடி கொத்தாக வந்தது, எங்கே உட்கார்ந்தாலும் அங்கேயே தூங்கினாள். ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் போதவில்லை என்று வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மருத்துவர் கேட்டார். ஒரு நாள் தவறியதில்லை, என் கையாலேயே கொடுக்கிறேன் என்று இவன் மார்தட்டிச் சொன்னான். பொய்யில்லையே. அவர் அளவைக் கூட்டினார். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில், மறுபடியும் கூட்டினார். எதோடு சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தையே எடுத்துக் காட்டியிருப்பான்.

குரலும் கட்டிப்போனது. ஒரு நாள் வண்டி நிற்கிற மேடையைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டமே இந்தப் பக்கம் ஓட, வண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. திட்டு வாங்கினாள். இன்னொரு முறையும் அப்படியே ஆனதும், தவறவிட்ட பொருள்களை வாங்கி வைக்கிற அறைக்கு அவளை மாற்றிவிட்டு, கண்ணாடி அறையில் பதிவு செய்த குரல் ஒன்றை வைத்துவிட்டார்கள். யாரோ விட்டுப்போன குடைகளுக்கும் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கும் நடுவில் அவள் மேஜையில் தலை வைத்துத் தூங்கினாள். பிறகு வேலைக்கே போகவில்லை.

முதலில் அவன் பொறுமையாகத்தான் இருந்தான். பொறுமையெல்லாம் எத்தனை நாளைக்கு? மருந்து கொடுக்கிறோம், அளவையும் கூட்டிவிட்டார்கள், இன்னும் இப்படிக் கிடந்தால் அது உடம்பு இல்லை, மனசு என்று நினைக்க ஆரம்பித்தான். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பினாள், கேட்டதற்கு யோசித்துப் பதில் சொன்னாள், சிரிப்பு வருகிற இடத்தில் சும்மா பார்த்தாள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, வெளியே சொல்ல முடியாமல் போர்வைக்குள் புகுந்துகொள்கிறாள் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்தான்.

ஒரு சாயங்காலம் கூட வேலை செய்கிற இரண்டு பேரையும் அவர்கள் வீட்டம்மாக்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். காலையிலேயே சொல்லிவிட்டும் போயிருந்தான். விருந்தாளிகளோடு வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் புகை. அடுப்பில் பாத்திரம் கரிந்துகொண்டிருந்தது, அவள் கம்பளிச் சட்டையோடு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அவன் திரும்பினான். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடக் கோபத்தில் வந்தது என்று விட்டிருக்கலாம்.

"பொணத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு," என்றான். "நீ அந்த ஆபரேஷன்லயே போயிருந்தா, அழுது முடிச்சிட்டு இந்நேரம் நானாவது மனுஷனா இருந்திருப்பேன்."

அவள் அழவில்லை. அந்தச் சொற்கள் அவளுக்குள் இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. வாயில் வந்ததைச் சொன்னான் என்று உலகம் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பல நாளாக மனசுக்குள் சேர்த்துவைத்து, எதுவும் குறையாமல் கட்டிக் கொடுத்தான். மறுநாள் காலையிலும் வழக்கம்போலப் பையும் தம்ளருமாகப் போய் நின்றான். அவளும் வாங்கி விழுங்கினாள். அவன் வேலைக்குப் போனபின் அக்காவின் வேன் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனது.

அவள் திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகு அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அது ஒன்றுதான். காலி வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தான் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வந்தது கைதான். ஞாயிறுதோறும் ஒரு வாரத்துப் பொட்டலங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் வெளியே வர மாட்டாள். அக்காதான் வாங்கிக்கொள்வாள்.

"இதுல மூணு மாத்திரை இருக்கு, எண்ணிப் பாத்தேன்," என்றாள் அக்கா ஒருமுறை. "நாலாவதா ஒரு நல்ல வார்த்தையும் வெச்சு ஒட்டியிருக்கலாம் மாப்பிள்ள."

அவன் திரும்பி நடந்தான். பொட்டலங்கள் என்ன ஆகின்றன என்று அவனுக்குத் தெரியாது. அவற்றைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஒட்டினதை ஒட்டினபடி விழுங்க முடியாது என்று எல்லாப் பைகளையும் கிழித்து, மாத்திரைகளைப் பிரித்து மூன்று காலிப் புட்டிகளில் போட்டாள். தனக்குத் தோன்றியபடி சாப்பிட்டாள். தைராய்டு மாத்திரை பொடிசு, அதை எழுந்ததும் தண்ணீரில் போட்டுக்கொண்டாள். கால்சியம் பெரிசு, தொண்டையில் நிற்கும், அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும், அதனால் பொழுது சாய்ந்தபின். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல இது, முழுக்க முழுக்கக் கோபம். அந்தக் கோபம்தான் அவளைப் பிழைக்க வைத்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் வடிந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். ஒரு நாள் அக்காவோடு வேனில் போனவள், பிள்ளைகள் இறங்குகிற இடம் வந்ததும் பழைய பழக்கத்தில் அறிவிப்பு செய்ய, பிள்ளைகள் கைதட்டினார்கள். அதிலிருந்து தினமும் போனாள். ஒரு ஞாயிறு கிளம்பும் முன் அவன் அக்காவுக்குப் போன் செய்தபோது, அக்கா போனை அவளிடம் கொடுத்துவிட்டாள். சாப்டீங்களா என்ற ஒரு கேள்விதான். வண்டியைத் தவறவிட்டு நின்ற நாள் மாதிரியே அவன் நின்றுவிட்டான். அதே குரல்.

பிறகு தினமும் பேசினார்கள். நரை எட்டிப் பார்க்கிற வயசில் இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணம் நிச்சயமானவர்கள்போலப் பேசியதைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நாள் போகப் போக அவள் பேச்சில் வேகம் கூடியது. தூக்கமே வரவில்லை என்றாள். கை நடுங்குகிறது, சட்டென்று அழுகை வருகிறது, இளைத்துப்போய்விட்டேன் என்றாள்.

"உங்களை நெனச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது," என்றாள். "இப்படி எனக்கு எப்பவும் இருந்ததில்லீங்க."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் அப்படித்தான் என்றான், உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. வருகிற ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அவளே சொன்னாள். அவன் சுவருக்கு வெள்ளையடித்தான். கரிந்த பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினான். அன்றைக்குச் சொன்ன சொல்லைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, இவனும் எடுக்கவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தான். அந்த வருஷம் அவள் எதைத்தான் நினைவில் வைத்திருந்தாள்?

ஞாயிறு வருவதற்குள் அக்காவின் போன் வந்தது. வேனிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், பதறாமல் வாருங்கள் என்றாள். அவன் பதறிக்கொண்டு ஓடினான். மார்பில் ஒயர்கள் ஒட்டிய நிலையில் அவள் படுத்திருந்தாள். பக்கத்துத் திரையில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. இவனைப் பார்த்ததும் சிரித்தாள், கையை நீட்டினாள். அந்தக் கை நடுங்குவதை நிறுத்த அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பெண் மருத்துவர் ஒருவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று அவளிடம் விசாரித்தார். புட்டிகளைப் பற்றி அவள் சொன்னாள். அதுதான் சரியான முறை, அப்புறம் இவ்வளவு பெரிய அளவு எப்படித் தேவைப்பட்டது என்று யோசித்தவர், அவனையும் அக்காவையும் அறைக்கு வெளியே நடைக்கு அழைத்துப் போனார். முன்னால் எப்படிக் கொடுத்தீர்கள் என்று அவனிடம் கேட்டார். அவன் சொன்னான். மூன்றும் ஒரே பையில், வெறும் வயிற்றில், ஒரு நாள் தவறாமல். சொல்லும்போதுகூடக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"கால்சியமும் இரும்பும் கூடப் போனா தைராய்டு மாத்திரையை வயித்துலயே பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது," என்றார் மருத்துவர். "நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். நீங்க தினமும் குடுத்தீங்க, ஆனா அவங்களுக்குப் பெரும்பாலும் சேரவே இல்ல."

மாத்திரை சேராததால் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்ததும் கூட்டின அளவு முழுசாக உள்ளே போயிருக்கிறது, இதயம் ஓட்டமெடுத்தது அதனால்தான் என்று விளக்கினார். அளவைக் குறைத்தால் படபடப்பு அடங்கும், சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், இனிமேல் யாரும் தாங்களாக எதையும் மாற்றாதீர்கள் என்றார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவன் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். குளிர், தூக்கம், ஊதிய முகம், தப்பாகச் சொன்ன மேடை, கரிந்த பாத்திரம், எல்லாம் தன் கையால் கட்டினது. அழுகை வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். வாழ்க்கையில் முதன்முறையாக அக்கா மெதுவாகப் பேசினாள். இதை நான் போய்ச் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தபோது அந்தத் துக்கத்துக்குள்ளேயே ஒரு நம்பிக்கையும் தலைதூக்கியது. அவளும் காரணமில்லை, நானும் வேண்டுமென்று செய்யவில்லை, எல்லாவற்றுக்கும் காரணம் மாத்திரை என்றால் கணக்குத் தீர்ந்ததல்லவா? எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒட்டிவிடலாம் என்று நினைத்தான், பாவி.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

"அந்த ஒரு வருஷம் நீ நீயாவே இல்லம்மா," என்று முடித்தான். "எல்லாம் அந்த மாத்திரை பண்ண வேலை. நான் கட்டிக் குடுத்த வேலை."

அவள் கண்ணில் நீர் தளும்பியது. அது கோபக் கண்ணீரில்லை.

"அப்ப நான் சோம்பேறி இல்ல," என்றாள். "உள்ளுக்குள்ளயே அழுகிப் போயிட்டேன்னு நெனச்சிருந்தேன்."

அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் படபடப்பும் மாத்திரைதானா என்று கேட்டாள். ஆமாம் என்றான். உங்களை நினைத்து அடித்துக்கொள்கிறது என்று நானே நம்பிவிட்டேனே என்று அவள் சொல்ல, இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் நினைத்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"மாத்திரை சேரல, அதனால நான் அப்படிக் கெடந்தேன்," என்றாள். "மாத்திரை அதிகமாச்சு, அதனால உங்ககிட்ட வரணும்னு துடிச்சேன். ரெண்டும் சரி. நீங்க ஒரு மாத்திரையும் சாப்பிடலையே. அன்னிக்கு அதை எப்படிங்க சொன்னீங்க?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. ஒரு வருஷம் எதுவும் மனசில் ஒட்டாமல் கிடந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் ஒட்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பதிலுக்காக அவள் காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான். கோபத்தில் சொன்னேன் என்று சொல்லலாம், அன்றைக்குக் கோபமில்லை. தெரியாமல் சொன்னேன் என்று சொல்லலாம், தெரிந்துதான் சொன்னான். தேடித் தேடிப் பார்த்தும் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் தன் கையை மெதுவாக அவன் கையிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். துடிப்பு அடங்கி, நடுக்கமும் நின்றிருந்தது. குறைத்த அளவில் எழுதின சீட்டை அவளே வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அக்கா வேனைக் கொண்டுவந்து நிறுத்த, அவன் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தான். அவள் ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். நிதானமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் பேசினாள். கூட்டத்துக்கு நடுவிலும் கேட்கிற குரல்.

"மாத்திரையை இனிமே நானே வாங்கிக்கிறேன்," என்றாள். "நீங்க ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்."

சரி என்று தலையாட்டினான். வேன் கிளம்பித் தெருமுனையில் திரும்பும்வரை தலையாட்டிக்கொண்டே நின்றான்.